உடுமலையிலிருந்து ஒரு கவலை, சூலூரிலிருந்து ஒரு கோபம்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். அந்த ஊர் பாரிஷ் கவுன்சில் (நம்ம பஞ்சாயத்து மாதிரி) போட்ட கமிட்டியில் சேர்ந்து ஊருக்கு ஏதோ பிளான் எழுதினார்கள். இப்போது அதற்கு எக்ஸாமினேஷன் வருதாம், ராத்திரி பகலாகத் தயாராகிறாள், போன் பண்ணினால் எடுப்பதில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வயசில் என்ன பரீட்சைங்க? ஃபெயிலானால் என்ன ஆகும்?
— ஓர் அம்மா, உடுமலைப்பேட்டை

பதில்: பயப்படாதீங்க அம்மா, அவர் ஹால் டிக்கெட்டோடு எங்கேயும் போய் உட்காரப் போவதில்லை. பரீட்சை அந்தப் பிளானுக்கு. 2011-இல் அங்கே லோக்கலிசம் சட்டம் வந்ததிலிருந்து, எங்கே வீடு கட்டலாம், எந்த இடத்தைச் சும்மா விட்டுவைக்கலாம் என்று ஊர்க்காரர்களே திட்டம் எழுதிக்கொள்ளலாம். 2013 மார்ச்சில் கம்ப்ரியாவில் அப்பர் ஈடன் என்ற பகுதியின் திட்டம் முதன்முதலாக ஊர் மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்தது. அந்த வாக்கெடுப்புக்கு முன்னால் தாண்ட வேண்டிய படிதான் உங்கள் மகளுடைய எக்ஸாமினேஷன்.

நடத்துகிறவர் வெளியாள், திட்டம் தொடுகிற நிலம் எதிலும் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது. கவுன்சிலின் சம்மதத்தோடு வட்டார நிர்வாகம் அவரை நியமித்து ஃபீஸும் கொடுக்கும். பெரும்பாலும் கூட்டமெல்லாம் கிடையாது, வந்த காகிதங்களைப் படிப்பார், ஒரு நாள் தனியாக வந்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவார், சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்பார். நேரில் கேட்டால்தான் தெளியும் என்று அவருக்குத் தோன்றினால் மட்டும் விசாரணை. ஆக, கிராமசபையில் எழுந்து நின்று சத்தமாக நாலு வார்த்தை பேசிச் சாதிக்கிற நம்ம ஊர் வித்தை அங்கே பலிக்காது.

பிளான் அழகாக இருக்கிறதா என்பது அவர் கவலையே இல்லை. நாட்டின் திட்டக் கொள்கையைக் கணக்கில் எடுத்திருக்கிறார்களா, வட்டாரத்தின் பெரிய திட்டத்தோடு பொதுவாக ஒத்துப்போகிறதா, நீடித்த வளர்ச்சிக்கு உதவுமா என்று சட்டத்தில் சில அடிப்படை நிபந்தனைகள் உண்டு, அவற்றை வைத்துத்தான் உரசிப் பார்ப்பார். நிறைய கமிட்டி சறுக்குவது ஒரு புல்வெளியில். ஊருக்குப் பின்னால் பிள்ளைகள் விளையாடுகிற, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற இடம் ஒன்று இருக்கும், அதை உள்ளூர்ப் பசுமைவெளி என்று வரைபடத்தில் பச்சை அடித்துவிடுவார்கள். சரி, அது ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதா? எத்தனை ஏக்கர்? அந்த ஊர் மக்களுக்கு அதில் அப்படி என்ன விசேஷம், அதற்கு என்ன ஆதாரம்? நிலத்துக்காரருக்கு முன்னாலேயே கடிதம் போட்டார்களா? நம்ம பக்கம் ஒருத்தர் தோட்டத்தை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பார்க் என்று வரைந்தால் விடுவாரா? அங்கேயும் வக்கீலை வைத்துப் பக்கம் பக்கமாக ஆட்சேபம் எழுதுவார். பச்சை அடித்தது பெரிய வயல்வெளி என்றால் ஊரே கையெழுத்துப் போட்டிருந்தாலும் நிற்காது.

உங்கள் மகள் ராத்திரியில் உட்கார்ந்து செய்வது இதற்கான வேலையாகத்தான் இருக்கும். முதலில் கவுன்சில் 6 வாரம் கருத்துக் கேட்டிருக்கும், அப்புறம் வட்டார நிர்வாகம் இன்னொரு 6 வாரம். முதல் சுற்றில் யாரைக் கேட்டோம், என்ன சொன்னார்கள், அதற்காக எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன் என்று தனி அறிக்கையே கொடுக்க வேண்டும். மஞ்சப்பையில் ரசீதைச் சேர்த்து வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்திருந்தால் பொண்ணு தப்பித்தாள். திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் ஊர் தெரியாத ஆளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும், ஒரே வரிக்கு இரண்டு அர்த்தம் வந்தால் அதை இப்போதே குறித்து வைத்துக்கொண்டு, பரீட்சை நடத்துகிறவர் எழுதிக் கேட்கும்போது தெளிவாகப் பதில் தரட்டும்.

ஃபெயிலா? வேண்டாம் என்று அவர் சொல்ல முடியும். ஆனால் வழக்கமாக வருவது, இதையிதைத் திருத்திவிட்டு வாக்கெடுப்புக்கு அனுப்புங்கள் என்பதுதான். அதில் ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் சரி என்றால் முடிந்தது.

கேள்வி: மாஸ்டர் பிளான் வரைவில் எங்கள் தோட்டத்துக் குறுக்கே ரோடு போட்டிருக்கிறார்கள். வி.ஏ.ஓ.விடம் மூன்று தடவை சொல்லியாச்சு. வேறு என்ன செய்ய?
— ஒரு விவசாயி, சூலூர்

பதில்: அண்ணா, வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. 1971-ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டப்படி அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஆட்சேபம் சொல்லக் குறைந்தது 2 மாதம் கொடுக்க வேண்டும், அதுவும் எழுத்தில். இங்கே வெளியாள் பரீட்சையெல்லாம் கிடையாது, திட்டம் போட்டவர்களே ஆட்சேபத்தையும் பார்த்து அரசுக்கு அனுப்புகிறார்கள், எனக்கு அது குறையாகத்தான் படுகிறது. அதனால் மனு இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும். சர்வே நம்பர், பட்டா நகல், புலப்பட நகல், அதில் உங்கள் கிணறும் போர்வெல்லும் எங்கே என்று சிவப்பு மையில் குறி, ரோடு எந்தப் பக்கம் நகர்ந்தால் பரவாயில்லை என்று ஒரு கோடு. திட்டக் குழும அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். நகலில் தேதியோடு சீல் குத்தி வாங்காமல் படி இறங்காதீங்க.