கதவைப் பிடித்திருந்த கை

கேள்வி: சென்ற மாதம் குடும்பத்துடன் ஸ்காட்லாந்து போயிருந்தோம். எடின்பரோவின் கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் மெக்கென்சி என்பவரின் ஆவி வருகிறவர்களைக் கீறும், தள்ளிவிடும் என்கிறார்கள். என் கொழுந்தனார் அந்தக் கதைகளை என் ஒன்பது வயது மகளிடம் சொல்லி, திறந்து கிடந்த ஒரு கல்லறை அடைப்புக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். அவள் உள்ளே போனதும் விளையாட்டாகக் கம்பிக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம்தான், நாங்களும் சிரித்துவிட்டோம், கணவர் வீடியோகூட எடுத்தார். திரும்பி வந்ததிலிருந்து அவள் தனியே படுக்க மறுக்கிறாள், இரவில் அலறி எழுகிறாள். அங்கே ஏதேனும் அவளைப் பிடித்திருக்குமோ? மாமியார் தாயத்துக் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, பேய் பிடித்துவிட்டதா என்று கேட்கும் கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன், அவற்றில் பெரும்பாலானவற்றில் பேய்க்கு முன்பே ஒரு மனிதர் வந்து போயிருப்பார். உங்கள் கடிதத்தில் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நீங்களோ அவரைத் தாண்டி ஆவியைத் தேடுகிறீர்கள்.

"ஒரு நிமிடம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய நிமிடம்? வீடியோ கையில் இருக்கிறதல்லவா, தனியே உட்கார்ந்து ஒலியுடன் அதைப் பாருங்கள். எத்தனையாவது நொடியில் அவளுடைய சிரிப்பு நின்றது, எத்தனையாவது நொடியில் உங்களைக் கூப்பிட்டாள், அதற்குப் பிறகும் எத்தனை நொடி உங்கள் சிரிப்பு கேட்கிறது என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். இரவில் அவள் அலறுவதன் காரணம் அந்தக் கணக்கில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

மெக்கென்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் மெக்கென்சி அரசரின் தலைமை வழக்கறிஞராக இருந்து 1691இல் இறந்தவர். திருச்சபை விஷயத்தில் அரசருக்குப் பணிய மறுத்த கோவெனன்டர்கள் 1679 ஜூனில் போத்வெல் பாலப் போரில் தோற்றபோது, சிறைப்பட்ட ஏறத்தாழ 1,200 பேர் எடின்பரோவுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்தக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய திறந்தவெளியில் மாதக்கணக்கில் கூரையின்றி அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு எதிராக வழக்கு நடத்திய மெக்கென்சியும் பின்னாளில் அதன் அருகிலேயே புதைக்கப்பட்டார். கீறல் கதைகளோ, 1998 டிசம்பரில் வீடற்ற ஒருவர் ஒதுங்க இடம் தேடி அவருடைய கல்லறை மாடத்துக்குள் நுழைந்ததாகச் சொல்லப்படும் சம்பவத்துக்குப் பிறகு பெருகியவை. கீறும் அந்த ஆவிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மனிதர்களை மனிதர்கள் அடைத்துவைத்தது மட்டும் ஆவணங்களில் உள்ள உண்மை, உங்கள் கொழுந்தனார் திரும்ப நடத்திக் காட்டியதும் அதைத்தான்.

அதே தோட்டத்தில் புதைகுழிகளின் மேல் இரும்புக் கூண்டுகள் இருப்பதைக் கவனித்தீர்களா? உடற்கூறு வகுப்புகளுக்கு விற்பதற்காகப் பிணங்களைத் தோண்டித் திருடியவர்கள் திரிந்த காலத்தில், தங்கள் வீட்டில் இறந்தவர்களைக் காப்பதற்காகக் குடும்பத்தார் செலவு செய்து வைத்தவை அவை. இறந்தவருக்கே அப்படிக் காவல் வைத்த இடத்தில், உயிரோடு இருக்கும் பிள்ளைக்குக் காவலாக நிற்க வேண்டிய மூன்று பெரியவர்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்திருக்கிறீர்கள். கொழுந்தனாரைவிட உங்கள் மீதும் உங்கள் கணவர் மீதும்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனெனில் அவள் கூப்பிட்டது சித்தப்பாவை அல்ல.

தாயத்து வேண்டாம். நம்பிக்கையோடு கட்டிக்கொள்ளும் பெரியவர்களை நான் கேலி செய்பவள் அல்ல. ஆனால் இந்தத் தாயத்தைக் கட்டப்போவது குழந்தையின் கையில், அதனால் காப்பாற்றப்படப் போகிறவர் அவளுடைய சித்தப்பா. தவறு ஆவியுடையது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டால் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, அவளுக்கோ உள்ளே உண்மையிலேயே ஏதோ இருந்தது என்று உறுதியாகிவிடும்.

கொழுந்தனாரை அழைத்து, தான் கதவைப் பிடித்துக்கொண்டதையும் அது தவறு என்பதையும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். மனத்தாங்கல் வந்தால் வரட்டும், உறவுக்காகக் குழந்தையை விட்டுக்கொடுக்கும் வழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அவரை மன்னிக்கும்படி அவளை நெருக்காதீர்கள். அதன் பிறகு நீங்கள் இருவரும், கூப்பிட்டபோது வராமல் போனோம் என்பதை அதே சொற்களில் அவளிடம் ஒப்புக்கொள்ளுங்கள். வீடியோவை அவள் முன்னிலையிலேயே அழியுங்கள். உறவினர்களுக்கு அனுப்பியிருந்தால் அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள். சில வாரங்களாகியும் அலறல் குறையாவிட்டால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கதவைச் சாத்திய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள், பயணம் போனோம் பயந்துவிட்டாள் என்று சுருக்கிவிடாதீர்கள்.

தனியே படுக்க மறுக்கிறாள் என்பதை ஒரு புகார் போல எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு நீங்கள் போய் அவள் பக்கத்தில் படுங்கள், அறைக் கதவைத் திறந்தே வையுங்கள்.