'சோட்னா'வுக்கு எத்தனை ஆங்கிலம்? – வாசகர் கேள்வி பதில்

லக்னோவில் எஸ்.எஸ்.சி. (மத்திய அரசுப் பணி) தேர்வுக்குத் தயாராகும் இந்தி மீடியம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். தினம் 30 வார்த்தைகளை இந்தி அர்த்தத்தோடு ஒப்பிக்கிறார்கள். கோடிட்ட இடம் வந்தால் தடுமாறுகிறார்கள். எங்கே கோளாறு?
– வாசகி, லக்னோ

அந்த இந்தி அர்த்தத்தில்தான். அபாண்டன், க்விட், ரெலிங்க்விஷ், ரிலீஸ் எல்லாவற்றுக்கும் நோட்டில் 'சோட்னா' என்றே இருக்கும். நம் 'விடு' மாதிரிதான் அதுவும்: சிகரெட்டை விடலாம், கைதியை விடலாம், ஒருவரை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடலாம். ஆங்கிலத்தில் வேலையையும் சிகரெட்டையும் 'க்விட்' செய்யலாம். மூழ்கும் கப்பலை 'அபாண்டன்', சொத்துரிமையை 'ரெலிங்க்விஷ்', கைதியை 'ரிலீஸ்'. ஸ்டேஷனில் விடுவதோ வெறும் 'டிராப்'. ஒரே பொருள் தரும் சொல்லைக் கேட்கும் கேள்வியில் பட்டியல் மார்க் வாங்கித் தரும். பத்தியில் இடம் விட்டுக் கேட்டால் நாலு விடையும் பிள்ளைகளுக்குச் சரி என்றே தோன்றும்.

நோட்டை மாற்றுங்கள். இடது பக்கம் தனி வார்த்தை வேண்டாம், 'ஹக் சோட்னா' (உரிமையை விடு), 'நௌக்ரி சோட்னா' (வேலையை விடு) என்று இந்தித் தொடராக எழுதட்டும். வலது பக்கம் ஆங்கிலத் தொடர். வலது பக்கத்தை மூடிக்கொண்டு, இந்தியைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்து இந்தி சொல்வது சுலபம், ஆனால் எழுதும்போது கைகொடுக்காது. அடுத்து 'தேஜ்' (வேகமான, கூர்மையான, பலத்த) எடுங்கள். மழைக்கு ஹெவி, காய்ச்சலுக்கு ஹை, கத்திக்கு ஷார்ப், சத்தத்துக்கு லவுட்.

'ஷக்' (சந்தேகம்) மட்டும் தனி கவனம் கேட்கும். 'அவன்தான் திருடினான் என்று எனக்கு ஷக்' என்பதை 'டவுட்' போட்டு எழுதினால், அவன் திருடியிருக்க மாட்டான் என்று பொருள் தலைகீழாகிவிடும். அங்கே 'சஸ்பெக்ட்' வர வேண்டும்.

இந்தி மீடியத்தில் பி.ஏ. முடித்த பெண், ஆங்கில வழி எம்.ஏ.வுக்குப் போகிறாள். தினம் எத்தனை வார்த்தை? எந்தப் பட்டியல்?
– வாசகர், போபால்

பத்து போதும். படித்த வார்த்தையை 1, 3, 7, 16, 30ஆம் நாட்களில் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் போனால் எந்த நாளிலும் ஐந்து பழைய தொகுதிகள் காத்திருக்கும். தினம் 10 என்றால் 50 வார்த்தை, முக்கால் மணி நேரத்தில் முடியும். தினம் 30 என்றால் 150! அதனால்தான் ஆர்வமாக ஆரம்பித்த பலரும் பாதியில் நிறுத்துகிறார்கள். சொல் அட்டைகளை வைத்துப் படிக்க உதவும் ஆங்கி (Anki) செயலி இந்த நாள் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் அதில் யாரோ தயாரித்த அட்டைகளை இறக்கிக்கொள்ளாமல், அவளே வாக்கியத்தோடு அட்டை எழுதட்டும்.

பட்டியலுக்கு, மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட அகாடமிக் வேர்டு லிஸ்ட், அதாவது உயர்கல்விப் பாடங்களில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல். 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் ஒரு குடும்பம்), 10 பிரிவுகள். அடிக்கடி வருபவை முதல் பிரிவில். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வின் அபூர்வச் சொற்களை இப்போது தொடவே வேண்டாம். அடிப்படையான 2,000 சொற்கள் தெரியும் என்ற கணக்கில்தான் இந்தப் பட்டியல் போடப்பட்டது. முதலில் பாடப் புத்தகத்தில் 100 சொற்கள் எண்ணிப் பாருங்கள். தெரியாதவை ஐந்தைத் தாண்டினால் எளிய வாசிப்பில் தொடங்குவது நல்லது.

சம்ஸ்கிருத வேர் தெரிந்தால் ஆங்கிலச் சொல் சுலபமாக நினைவில் நிற்குமா?
– வாசகர், வாராணசி

ஓரளவு நிற்கும். தந்த்–டென்டல், ம்ருத்யு–மார்ட்டல், அக்னி–இக்னைட், நாவ் (படகு)–நேவல் எல்லாம் உண்மையான உறவுகள். நினைவுக்குக் கொக்கியாக வைத்துக்கொள்ளலாம், பொருளை ஊகிக்க மட்டும் நம்பாதீர்கள். இந்தியில் புழங்கும் பாரசீக 'பத்'தும் (கெட்ட) ஆங்கில 'பேட்'டும் (bad) ஒலியிலும் பொருளிலும் ஒட்டினாலும் சொந்தமே இல்லை.

'வேரி' என்று ஒலிக்கும் இரண்டு சொற்களையும் மாணவர்கள் குழப்புகிறார்களே?
– வாசகி, பாட்னா

மாறுபடுவது (vary) ஒன்று, எச்சரிக்கையாக இருப்பது (wary) மற்றொன்று. இந்தி எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'வ' என்பதால், ஓரத்தில் தேவநாகரியில் உச்சரிப்பை எழுதிவைக்கும் பழக்கம்தான் குழப்பத்தை நிலைக்கச் செய்கிறது. அதை நிறுத்துங்கள். முதல் சொல்லுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், இரண்டாவதுக்கு உதடு குவிய வேண்டும். பிறகு 'விலைகள் வேரி ஆகும்', 'அந்நியரிடம் வேரியாக இரு' என்ற பொருளில் ஆளுக்கு இரண்டு ஆங்கில வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.