முதன்முறை சிவனொளிபாதமலை: எத்தனை மணிக்குப் படியேறுவது?

கேள்வி: நாங்கள் வவுனியாவில் வசிக்கிறோம். இதுவரை எந்த மலையிலும் ஏறியதில்லை. வரும் யாத்திரைப் பருவ காலத்தில் நானும் தம்பியும் பன்னிரண்டு வயது மகளும் சிவனொளிபாதமலையில் சூரிய உதயம் பார்க்க விரும்புகிறோம். முழங்கால் வலியுள்ள 63 வயது அம்மாவும் தானும் வருவேன் என்கிறார். இரவு பத்து மணிக்கே ஏறத் தொடங்க வேண்டும் என்று ஒருவரும், இரண்டு மணிக்குப் புறப்பட்டால் போதும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எப்போது போவது, எப்படி ஆயத்தமாவது, அம்மாவை அழைத்துச் செல்லலாமா?
வாசகி ஒருவர், வவுனியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் மலையாகச் சிவனொளிபாதத்தைத் தெரிவு செய்திருப்பது நல்லதே. 2,243 மீற்றர் உயரம் என்று கேட்டு மலைக்க வேண்டாம். ஹட்டன், மஸ்கெலியா வழியாக நீங்கள் சென்றடையும் அடிவார ஊரான நல்லதண்ணியே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால், உங்கள் கால்கள் ஏற வேண்டியது சுமார் ஆயிரம் மீற்றர்தான். அதுவும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளாக அமைந்திருக்கிறது. பருவ காலத்தில் வழியெங்கும் மின்விளக்கு எரியும். தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். இரத்தினபுரிப் பக்கத்திலிருந்தும் பாதைகள் உண்டு என்று யாராவது ஆசை காட்டுவார்கள்; அவை நீளமானவை, ஏற்றமும் அதிகம். முதன்முறை செல்பவர்கள் நல்லதண்ணிப் பாதையை விட்டு வேறெதையும் எண்ண வேண்டியதில்லை.

பத்து மணியா இரண்டு மணியா என்ற கேள்விக்கு, சூரியனிலிருந்து பின்னோக்கி எண்ணினால் விடை கிடைத்துவிடும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சூரியன் ஆறு இருபதை ஒட்டி உதிக்கும். ஐந்தரை மணிக்குப் பின்னர் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் என்பதால் ஐந்து நாற்பதளவில் உச்சியில் இருந்தால் போதுமானது. மலையேறுவோர் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்றை ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் 1892இல் வகுத்தார்: ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வோர் அறுநூறு மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பாதையின் நீளத்தை ஐந்து முதல் ஏழு கிலோமீற்றர் வரை பலவாறாகச் சொல்கிறார்கள். ஆறு என்று வைத்துக்கொண்டால், ஓய்வே இல்லாமல் நடப்பவருக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். பழக்கமில்லாத கால்களுக்கும், மகள் உட்கார்ந்து எழும்ப எடுக்கும் நேரத்துக்கும், ஓரிரு தேநீருக்குமாக இன்னொரு மணி நேரத்தைச் சேர்த்தால் நான்கு மணி நேரம். ஆகவே கூட்டமில்லாத நாளில் அதிகாலை ஒன்றரை மணிக்கு முதற்படியில் கால் வையுங்கள்.

இரண்டு மணி ஆலோசனை உங்களுக்குச் சற்று நெருக்கடியானது. பத்து மணி ஆலோசனையோ கெடுதலானது. புதியவர்கள் பயத்தினால் முன்கூட்டியே புறப்பட்டு, வியர்த்து நனைந்த சட்டையுடன் நள்ளிரவு தாண்டிய வேளையில் உச்சியைச் சேர்ந்து, உட்காரவும் சரியான இடமின்றி நான்கு மணி நேரம் காற்றில் நடுங்குகிறார்கள். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறையும் என்பதோடு, உச்சியில் காற்றைத் தடுக்க எதுவுமில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சிறுவர்களுக்கு இந்த மலையை வெறுக்க வைப்பது ஏற்றத்தை விட அந்தக் காத்திருப்புத்தான் என்பது என் அபிப்பிராயம். எதிர்பார்த்ததை விட வேகமாக ஏறிவிட்டீர்கள் என்றால், உச்சிக்குச் சற்றுக் கீழேயுள்ள கடையொன்றில் சூடான தேநீருடன் காத்திருந்துவிட்டு, வெளிச்சம் வரும் நேரத்துக்குக் கணக்காக மேலே செல்லுங்கள்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். ஏறிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேச முடிந்தால் அதுவே உங்கள் வேகம்; முடியாவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பாதை சாய்வாகவே செல்வதால் தம்பி வேகமாக நடக்க ஆசைப்படுவார். அவரைக் கடைசியில் வரச் சொல்லி, மகளை முன்னால் விடுங்கள். சீதகங்குல ஓடையைக் கடந்த பின்னர் படிகள் செங்குத்தாகிக்கொண்டே போகும். உச்சியை நெருங்கும் பகுதியில் கைப்பிடிக் கம்பியைப் பற்றியே ஏற வேண்டியிருக்கும்.

இனி நாள். பருவகாலம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் போயாவுடன் (பௌர்ணமி விடுமுறையுடன்) நிறைவடைகிறது. அதற்கு வெளியே விளக்குகள் இருக்காது, கடைகள் மூடியிருக்கும், தென்மேல் பருவக்காற்று மழையையும் பனிமூட்டத்தையும் கொண்டுவரும் என்பதால் அக்காலத்தை முற்றாக விலக்கிவிடுங்கள். டிசம்பரிலும் மழை தொடரக்கூடும். ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரையான காலமே பொதுவாக உலர்வானது. போயா நாட்களையும் வார இறுதிகளையும் நீண்ட விடுமுறைகளையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அந்நாட்களில் கடைசிப் படிகளில் வரிசை அசையாமல் நின்றுவிட, உச்சியை எட்டாமலே பலர் உதயத்தைப் படியில் நின்று பார்க்க நேர்கிறது. என்னைக் கேட்டால், போயா கழிந்து மூன்று நான்கு நாட்களுக்குப் பின் வரும் வார நாளொன்றைத் தெரிவு செய்வேன்: தேய்பிறை நிலா பின்னிரவில் உயரத்தில் நிற்கும், கூட்டமும் வடிந்திருக்கும். மகளின் பாடசாலை ஒரு நாள் போகும் என்பது உண்மைதான். அதை நீங்கள் வகுப்பாசிரியரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். புறப்படுவதற்கு முந்திய நாள் வானிலை அறிக்கையையும், நுவரெலியா மாவட்டத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை ஏதேனும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஆறு வாரப் பயிற்சி போதும். வவுனியாவில் ஏற்றம் தேடி அலைய வேண்டியதில்லை. ஏதேனும் ஒரு மாடிக் கட்டடத்தின் படிகளில் வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். இறங்குவதை ஓய்வாக எண்ணி ஓடி முடித்துவிடாதீர்கள். இறங்கும்போது உடலின் எடையைத் தாங்கியபடியே தொடையின் முன்தசைகள் நீள்வதால்தான், மலையிலிருந்து வந்தவர்கள் இரண்டு நாட்களுக்கு வீட்டு வாசற்படியில் கூடப் பக்கவாட்டாக இறங்குகிறார்கள். அந்தத் தசைகளுக்கு முன்கூட்டியே பழக்கம் வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை, ஏறும்போது மெல்லிய சட்டை போதும். உலர்ந்த மாற்றுச் சட்டை ஒன்றும், காற்றுப் புகாத மேலங்கியும், காது மூடும் கம்பளித் தொப்பியும் பையில் இருக்கட்டும். உச்சிக்கு முன்னுள்ள கடைசிக் கடையில் ஈரச் சட்டையைக் கழற்றி மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே அணிந்து பழகிய சப்பாத்து வேண்டும். மேலே பாதச் சுவடு உள்ள இடத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், அதிகாலைச் சீமெந்துத் தரை சில்லிட்டுக் கிடக்கும் என்பதால் தடித்த காலுறை மிகவும் உதவும். ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம், கச்சான் போதும். மின்தடையை நினைத்துச் சிறிய டோர்ச் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடக்கும் காடு 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் பகுதி. பொலித்தீன் உறைகளை வீட்டிலேயே விட்டுவாருங்கள்.

அம்மாவைப் பற்றிய கேள்வியே கடினமானது. எழுபது வயதைத் தாண்டிய தாய்மார் வெறுங்காலுடன் ஏறுவதை அங்கே நீங்கள் காண்பீர்கள், அம்மாவும் அதைச் சுட்டிக்காட்டுவார். ஆனால் ஏற்றம் சோதிப்பது மூச்சை, இறக்கம் சோதிப்பது முழங்காலை. வலியுள்ள முழங்காலோடு ஐயாயிரம் படி ஏறிவிட்டவர் அதே ஐயாயிரத்தையும் இறங்கியாக வேண்டும், நடுவழியில் வாகனம் வராது. அத்துடன், உதயத்துக்குள் சேர வேண்டும் என்ற அவசரம் அவரைத் தன் வேகத்தில் நடக்க விடாது. எனவே இம்முறை அவர் உங்களுடன் நல்லதண்ணி வரை வரட்டும், இரவில் தங்கும் விடுதியில் உறங்கட்டும், விடிந்தபின் யாராவது துணையுடன் யப்பானிய சமாதானத் தூபி வரை மெல்ல நடந்து அங்கிருந்து மலையைத் தரிசிக்கட்டும். உச்சிக்குப் போயே தீருவேன் என்றால், முதலில் வைத்தியரிடம் முழங்காலைக் காட்டிய பின், உதயத்தைக் கணக்கில் எடுக்காத வேறொரு பயணமாக, பகலில் அழைத்துச் செல்வது பற்றி யோசிக்கலாம்.

மகளுக்கு வாந்தி, தலைச்சுற்று, நிற்காத நடுக்கம் ஏதேனும் வந்தால் அவளுடன் திரும்புவது நீங்களா தம்பியா என்பதை விடுதியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். படியில் நின்று விவாதிக்கும்போது எல்லாருக்கும் இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றே தோன்றும்.

மூட்டம் சூழ்ந்து சூரியன் தெரியாமலே போகும் விடியல்களும் உண்டு என்பதை மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். வானம் தெளிந்திருந்தால், கிழக்கைப் பார்த்தவுடன் கீழே இறங்கிவிடாமல் மேற்குப் பக்கம் சென்று பாருங்கள். மலையின் நிழல் பனிப்படலத்தின் மீது முக்கோணமாக விழுந்து, சூரியன் உயர உயரக் குறுகிவரும். கிழக்கை மட்டும் படமெடுத்துத் திரும்புவோர் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

இறங்க மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தடியை ஊன்றி, சிறிய அடிகளாக இறங்குங்கள். முந்திய மாலை ஏழு மணிக்கே படுத்திருந்தாலும் உங்கள் உறக்கம் பாதியில் கலைந்ததுதான். ஆதலால் சொந்த வாகனத்தில் வருவதாயின், கண்டிக்கும் அங்கிருந்து ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் அன்று காலையே தம்பி வண்டி ஓட்டக் கூடாது. விடுதி அறையை அன்று மாலை வரை வாடகைக்கு எடுத்து, அவர் நான்கைந்து மணி நேரம் நன்றாக உறங்கி எழுந்த பின்னர் புறப்படுங்கள்.