கலங்கிய ஒயின் கெட்டுப்போன ஒயினா?

கேள்வி: கேப் டவுன் போயிருந்தபோது, ஸ்வார்ட்லாண்ட் பகுதியில் விளைந்த செனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ஒயின் இரண்டு பாட்டில் வாங்கினேன். 'பழைய கொடி, ஆர்கானிக், நேச்சுரல்' என்று சொல்லி விற்றார்கள். ஒன்றைத் திறந்தால் ஒயின் கலங்கியிருக்கிறது, அடியில் மண்டி, நாக்கில் சுள்ளென்கிறது. கெட்டுவிட்டதா? இன்னொன்றை என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் கெட்டுப்போனதற்கான அடையாளங்கள் இல்லை. நேச்சுரல் ஒயினைப் பெரும்பாலும் வடிகட்டுவதில்லை. திராட்சைத் தோலிலும் ஒயின் கூடத்திலும் தானாக இருக்கும் ஈஸ்ட்தான் அதை நொதிக்க வைக்கிறது. அந்த ஈஸ்ட் செத்துப் படிவதுதான் மண்டி. சுள்ளென்பது நொதித்தலில் மிஞ்சிய கார்பன் டை ஆக்சைடு. ஒரு ஜாடியில் ஊற்றி நன்றாகச் சுழற்றி, கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

சந்தேகப்பட வேண்டியவை வேறு. வினிகர் நெடியோ, நகப்பூச்சு அழிப்பான் நெடியோ தூக்கலாக வந்தால் அது பழுதுதான். இன்னொரு பழுது மோந்தால் பிடிபடாது. ஒரு வாய் குடித்து விழுங்குங்கள். சில நொடி கழித்துத் தொண்டையிலிருந்து எலிக்கூண்டு வாடை எழும். ஒயினின் புளிப்பை எச்சில் குறைத்த பிறகுதான் அது வெளிப்படும். கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்பைட் இல்லாத ஒயின்களில் இது அதிகம் வரும். காற்றாட வைத்தாலும் போகாது. அதைக் குடித்துத் தீர்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, கொட்டிவிடுங்கள்.

அப்புறம், கடையில் சொன்ன மூன்று சொற்களும் மூன்று தனித்தனி விஷயங்கள். 'பழைய கொடி' என்பதற்கு அங்கே உறுதியான சான்று உண்டு. ரோசா க்ரூகர் என்ற திராட்சை வேளாண் நிபுணர் 2002 முதல் கேப் பகுதியெங்கும் அலைந்து பழைய தோட்டங்களைப் பட்டியலிட்டார். அந்த உழைப்பிலிருந்து பிறந்ததுதான் 'ஓல்ட் வைன் ப்ராஜெக்ட்' என்ற, பழைய கொடிகளைக் காக்கும் அமைப்பு ('வைன்' என்றால் இங்கே கொடி). 35 வயதைத் தாண்டிய தோட்டத்து ஒயினுக்கு 2018 முதல் அதன் முத்திரை கிடைக்கிறது, கொடி நட்ட ஆண்டும் அதில் இருக்கும். உங்கள் பாட்டிலில் அதைத் தேடுங்கள்.

ஸ்வார்ட்லாண்டில் இந்தக் கொடிகள் பந்தலோ கம்பியோ இல்லாமல் குத்துச்செடி போல நிற்கும். பல தோட்டங்களுக்குப் பாசனமே கிடையாது, குளிர்கால மழைதான். ஆழமாக வேர்விட்ட கிழட்டுக் கொடி காய்ப்பது கொஞ்சம். ஆனால் அந்தப் பழத்தில் சாரம் அதிகம். காய்ப்பு குறைவு என்பதாலேயே விவசாயிக்குக் கட்டுப்படியாகாமல் எத்தனையோ தோட்டங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். எனக்கு ஆறாத வருத்தம் அது. அந்த முத்திரை உள்ள பாட்டிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம் என்றே சொல்வேன்.

கொடி பழையது என்பதால் தோட்டம் ஆர்கானிக் ஆகிவிடாது. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். கோடை வறண்டிருப்பதால் அங்கே பூஞ்சை நோய் குறைவு. ரசாயனம் இல்லாமல் வளர்ப்பது மற்ற இடங்களைவிட எளிது. சான்றிதழ் வாங்காமலே அப்படி வளர்ப்பவர்களும் உண்டு. 'நேச்சுரல்' என்பதோ தயாரிப்பவரின் வாக்குத்தான். காட்டு ஈஸ்ட்டா, வடிகட்டினீர்களா, சல்பைட் எவ்வளவு என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர் ஒளிக்காமல் சொல்வார். 'சல்பைட் உள்ளது' என்று லேபிளில் இருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நொதிக்கும்போது தானாகவே கொஞ்சம் உண்டாகும். லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே அப்படிப் போட்டாக வேண்டும்.

சரி, இரண்டாவது பாட்டில். சல்பைட் குறைந்த ஒயினுக்குச் சூடு ஆகவே ஆகாது. சமையலறை அலமாரியில் வைத்திருந்தால் இன்றே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள், சில மாதம் அங்கேயே இருக்கலாம். திறப்பதற்கு முந்தைய நாள் நிமிர்த்தி வையுங்கள். குடிக்க 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்து, ஆட்டாமல் ஒரே சாய்வில் ஜாடியில் ஊற்றி, மண்டி கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள்.