பழைய வேன் ஐடலிங்கில் அணைந்தால்: கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: அண்ணே, என் வேன் நிசான் வேனெட் சி22, ஏ15 எஞ்சின். சிவப்பு விளக்கில் குலுங்கி அணைகிறது. மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐடல் ஸ்குரூவைக் கூட்டிவிட்டேன்.

அதை முதலில் பழைய இடத்துக்கே திருப்புங்கள் தம்பி. ஸ்குரூவைக் கூட்டினால் கோளாறு மறையும், தீராது. இந்த வயது வேனில் முதல் சந்தேகம் காற்றுக் கசிவுதான்: காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் அடி கேஸ்கெட், அதன் இன்சுலேட்டர் (வெப்பம் தடுக்கும் துண்டு), வெடித்துப்போன வேக்கியூம் ஹோஸ்கள் (எஞ்சின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டுபோகும் குழாய்கள்). எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் அடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வயரிங் பக்கம் படாமல். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். கார்ப் கிளீனர் வேண்டாம், சூடான மேனிஃபோல்டில் தீப்பிடிக்கும். பிறகு பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸைப் பிளையரால் மெதுவாக நெருக்குங்கள். ஐடல் சீரானால் கசிவது பூஸ்டர் பக்கம். அது பிரேக் விஷயம், ஆளேற்றும் வேனில் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கேஸ்கெட் மாற்றினால் நான்கு நட்டையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் அடிப்பாகம் வளைந்து புது கேஸ்கெட்டும் கசியும்.

பட்டர்வொர்த் வாசகர்: மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்ததும் நிற்கிறது.

ஐடல் சோலனாய்டைப் பாருங்கள்; ஐடலுக்குப் பெட்ரோலைத் திறந்துவிடும் மின்வால்வு அது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சோலனாய்டு வயரைக் கழற்றி மீண்டும் தொடுங்கள். 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சோலனாய்டு போய்விட்டது. கேட்டால் ஐடலுக்குப் பெட்ரோல் வரும் சிறு துளையான ஐடல் ஜெட் அடைத்திருக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, மிக்ஸரே (காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு) கெடும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஏர்கோன் போட்டால் மட்டும் அணைகிறது.

ஏர்கோன் போட்டதும் ஐடலைக் கூட்டும் ஐடல்-அப் வேலை செய்யவில்லை. அதன் டயாஃபிரம் (இழுப்பில் அசையும் ரப்பர் சவ்வு) ஹோஸை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். இழுப்பு நிற்காவிட்டால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. நின்றால் வேக்கியூம் வால்வையும் அதன் வயரையும் பாருங்கள்.

கெப்போங் வாசகர்: டொயோட்டா லைட்ஏஸ், 5கே எஞ்சின். மிக்ஸர் ஸ்குரூ எத்தனை சுற்று?

மெதுவாக முட்டும்வரை உள்ளே, பிறகு இரண்டரை சுற்று வெளியே. அது தொடக்கம்தான். எஞ்சின் சூடேறி, சோக் முழுதும் திறந்தபின் கால் கால் சுற்றாகத் திருப்பி, இழுப்பை அளக்கும் வேக்கியூம் கேஜ் அதிகம் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். நல்ல எஞ்சினில் முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். ஒரே தாளத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. கார்புரேட்டரை விட்டுவிட்டு டாப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியைப் பாருங்கள். சூட்டில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர்.