வி.ஆர். கோர்ஸ் முடித்தால் கடற்படையில் வேலையா?

கேள்வி: மகன் பன்னிரண்டாம் வகுப்பு, கணிதப் பிரிவு. கடற்படைக்கு வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி, அதாவது மெய்நிகர் காட்சி) செய்யும் வேலைக்குத்தான் போவேன் என்கிறான். மூன்று மாத கோர்ஸ் ஒன்றில் சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள் அம்மா. சீருடை அணிபவருக்கு வி.ஆர். ஒரு பயிற்சிக் கருவி, அவ்வளவுதான். அதை உருவாக்குவது பெரும்பாலும் சிமுலேட்டர் நிறுவனங்களின் பொறியாளர்கள். தம்பிக்கு இதில் எது வேண்டும் என்று கேளுங்கள்.

சீருடை என்றால், 10+2 பி.டெக். நுழைவு இருக்கிறது. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 70 சதவீதம், ஆங்கிலத்தில் 50, ஜே.இ.இ. மெயின் தரவரிசை, பிறகு எஸ்.எஸ்.பி. எனும் படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல். தேர்வானால் கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாடமியில் படிப்பு.

உருவாக்கும் வேலை என்றால், கப்பல் தெரிய வேண்டும். நீர்மூழ்கிக் கப்பல் நீர்மட்டத்தில் துறைமுகத்துக்குள் நுழையும்போது மேலே நின்று கட்டளையிடும் அதிகாரிக்காக, அமெரிக்கக் கடற்படை 1990-களிலேயே ஹெட்செட் (கண்களை மூடி அணியும் வி.ஆர். திரை) பயிற்சியை உருவாக்கிப் பார்த்தது. இத்தகைய பயிற்சியில் படம் அழகாக இருந்து மட்டும் பயனில்லை. சுக்கானைத் திருப்பினால் கப்பல் கார் மாதிரி உடனே திரும்பாது. முதலில் பின்புறம் வெளிப்பக்கம் ஒதுங்கும், முன்னோக்கிப் போகையில் சுழலும் புள்ளி முகப்பிலிருந்து கப்பல் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கும். இது தவறினால் பழகுபவர் தவறான கணிப்பைக் கற்றுக்கொள்வார். கப்பல் போகும் வழியைக் காட்டும் மிதவைகளும் அப்படித்தான். இந்தியாவில் துறைமுகத்துக்குள் வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அமெரிக்கத் துறைமுகத்தின் மாடலை அப்படியே இறக்கிப் போட்டால் நிறம் தலைகீழாகிவிடும்.

அடுத்தது குமட்டல். 90 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 90 படம் காட்டும் ஹெட்செட்டில் ஒரு ஃபிரேமை (ஒரு படத்தை) வரைய சுமார் 11 மில்லிசெகண்டுதான் கிடைக்கும். பொறியியல் வரைபட மாடலை எளிமைப்படுத்தாமல் ஏற்றினால் அந்த நேரத்துக்குள் முடியாது, படம் திக்கும், தலை சுற்றும். ஓடும் கப்பலுக்குள் ஹெட்செட்டை அணிந்தால் இன்னொரு சிக்கல்: அதன் அசைவு சென்சார் கப்பலின் ஆட்டத்தையும் தலையசைவாக எடுத்துக்கொள்ளும், அதிலுள்ள கேமராவோ அறை அசையவில்லை என்று சொல்லும். காட்சி நழுவும். கப்பலின் அசைவைத் தனி சென்சாரில் அளந்து கழித்தால்தான் சரியாகும். தீயணைப்புப் பயிற்சியில் வெப்பத்தையும் தண்ணீர்க் குழாயின் உதைப்பையும் ஹெட்செட் தராது. அதற்கு நிஜத் தீயில் பழகியே ஆக வேண்டும்.

ஆகவே நான்கு வருடப் படிப்புதான் அடித்தளம்: கம்ப்யூட்டர் சயின்ஸ், மெக்கானிக்கல், அல்லது கப்பல் வடிவமைப்பு. கடைசியாகச் சொன்னதற்கு சென்னை ஐ.ஐ.டி., கொச்சி குசாட் (கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) இரண்டிலும் துறை உண்டு. கூடவே வி.ஆர். உருவாக்கும் மென்பொருள் ஒன்றும் அதன் நிரல் மொழியும்: யூனிட்டியில் சி ஷார்ப், அல்லது அன்ரியலில் சி பிளஸ் பிளஸ்.

பாதுகாப்புத் துறைக்குச் செய்த வேலையைப் பிறகு வெளியே காட்ட விடமாட்டார்கள். எனவே படிக்கும்போதே சொந்தமாக ஒன்று செய்து வைத்துக்கொள்ளட்டும். ஒரு இழுவைக் கப்பல், மிதவை வைத்த ஒரு கால்வாய், காற்றும் நீரோட்டமும் போதும். யூனிட்டியைக் கற்க இலவசப் பாடங்களே நிறைய இருக்கின்றன; விடுமுறையில் இப்போதே தொடங்கலாம்.