இரவுக் கடல் தூண்டிலுக்கு மலிவான நுனி விளக்கு எது?

கரையிலிருந்து இரவில் தூண்டில் வீசுவோர், மீன் கடிப்பதை அறியக் கோல் நுனியில் மணி போதுமா, விளக்கு வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பரிந்துரை விளக்குதான். மணி காற்றிலும் வீணாக ஒலிக்கும். அதைவிட முக்கியமாக, இரையைக் கவ்விய மீன் கரையை நோக்கி நீந்தினால் தூண்டில் நரம்பு (இழை) தளர்ந்து, வளைந்திருந்த கோல் நுனி சத்தமின்றி நிமிர்ந்துவிடும், அதை ஒளிப்புள்ளி மட்டுமே காட்டிக்கொடுக்கும். அலை நுனியைச் சீராக ஆட்டும். மீனின் இழுப்போ அந்தத் தாளத்தை உடைத்துக்கொண்டு வரும்.

மிக மலிவானது 4.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரசாயன ஒளிக்குச்சி. மடக்கியதும் உள்ளிருக்கும் கண்ணாடிக் குழல் உடைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து ஒளிரத் தொடங்கும். குளிரில் மங்கினாலும் நெடுநேரம் எரியும். அடிக்கடி செல்பவருக்கு, சிஆர் 425 என்னும் 3 வோல்ட் ஊசி பேட்டரியில் இயங்கும் எல்இடி விளக்கே சிக்கனம். எதுவானாலும், நுனி வளையத்திற்குச் சற்றுக் கீழே, நரம்பு ஓடாத பக்கத்தில் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். இல்லையெனில் வீசும்போது நரம்பு சிக்கி அறுந்துவிடும். இருட்டில் இருக்கும் கண்ணுக்குப் பச்சை ஒளி எளிதில் புலப்படும். தலைவிளக்கை அணைத்தே வையுங்கள், கண் இருளுக்கு முழுமையாகப் பழக ஏறக்குறைய 30 நிமிடம் ஆகும். தீர்ந்த குச்சிகளைத் தயவுசெய்து கடலில் எறியாதீர்கள்.